மைலோ டின்னைத் தட்டும் பிள்ளை: டீச்சரிடம் கேட்டவை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்தி எனக்குத் தலை நரைத்துவிட்டது. போன வாரம் தாய்மார் கூட்டத்தில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. கையெழுத்து புரிந்தவற்றுக்கு மட்டும் பதில்.

டீச்சர், சின்னவனுக்கு எட்டு வயது. மைலோ டின், வாளி, மேசை என்று எதையும் விடாமல் தட்டுகிறான். டிரம் கிளாஸ் ஈப்போவில்தான். செலவு செய்யலாமா?

இப்போது வேண்டாம். முதலில் அவன் தட்டுவதைக் கேளுங்கள். நீங்கள் பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு கீர்த்தனை பாடுங்கள். பாட்டு மெதுவாகும்போது அவன் கையும் மெதுவாகிறதா? நேற்றுத் தட்டியதை இன்றும் அப்படியே தட்ட வருகிறதா? வந்தால் காது இருக்கிறது. வேகம் பிடித்து ஓடினால் கவலை வேண்டாம், எட்டு வயதில் எல்லாரும் ஓடுவார்கள்.

பழைய மோட்டார் டியூபை வெட்டி, ஒரு பலகையின் மேல் இழுத்து ஆணி அடித்துக் கொடுங்கள். குச்சி நன்றாக எழும்பும், சத்தமும் குறையும். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீட்டுச் சுவர் பக்கத்து வீட்டுத் தும்மலையே தடுக்காது, டிரம்மையா தடுக்கப் போகிறது? சபையில் டிரம் வாசிக்கும் தம்பியிடம், ஆராதனை முடிந்து அரைமணி நேரம் சொல்லித்தரக் கேளுங்கள். ஆறு மாதம் கழித்தும் பலகையை விடாமல் வைத்திருந்தால் ஈப்போவுக்கு பஸ் ஏறலாம்.

என் வீட்டுக்காரர் இந்து. தைப்பூசத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவார். ஞாயிற்றுக்கிழமை நான் சபைக்குக் கூட்டிப் போவேன். பிள்ளைகள் குழம்பிவிடுவார்களா?

பைபிளில் பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் வீட்டைப் பாருங்கள். அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில் அவர் தகப்பன் கிரேக்கர், தாய் விசுவாசியான யூத ஸ்திரீ. தகப்பனைப் பற்றி அதற்கு மேல் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. பவுல் பிற்பாடு எழுதும்போது பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் இருவரின் விசுவாசத்தைத்தான் பெயர் சொல்லி எழுதுகிறார். ஆக, இது நம் ஊரில் புதிதாக வந்த சிக்கல் இல்லை.

குழப்பம் இரண்டு வழிபாட்டால் வருவதைவிட இரண்டு பேர் போடும் சண்டையால் அதிகம் வரும். "அப்பா ஏன் நம்மோடு ஜெபிப்பதில்லை?" என்று பிள்ளை கேட்டால், "அப்பா அவர் முறைப்படி கும்பிடுகிறார். நான் இயேசுவை நம்புகிறேன், ஏன் என்று சொல்கிறேன், உட்கார்" என்று சொல்லுங்கள். அவர் ஏற்றும் விளக்கைக் கேலி செய்யாதீர்கள். பிரசாதம் சாப்பிடலாமா, வேண்டாமா என்பதைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு நீங்கள் இருவரும் பேசி முடியுங்கள். கோவில் வாசலில் வைத்துப் பேசுகிற பேச்சு இல்லை அது.

ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. குடும்ப ஜெபம் வாரத்தில் இரண்டு நாள்கூட நடப்பதில்லை.

மெதடிஸ்ட் சபை இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, அவர் தம்பி சார்ல்ஸ் வெஸ்லி, இவர்களின் தாய் சூசன்னா பெற்றது 19 பிள்ளைகள். பாதிப் பேர் குழந்தையிலேயே இறந்தார்கள். மிஞ்சியவர்களுக்கு வாரத்தில் ஆளுக்கு ஒரு மாலை ஒதுக்கித் தனியாகப் பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து ஆக்ஸ்போர்டுக்குப் போன பிறகும் அந்த வியாழக்கிழமையை நினைத்து அவர் தாய்க்கு எழுதியிருக்கிறார். உங்களுக்கு மூன்று பேர்தானே? ஆளுக்குப் பத்து நிமிடம், துணி மடிக்கும்போது. கைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

தம்பி வசனப் போட்டியில் பரிசு வாங்குகிறான். மூத்தவனிடம் ஒரு தாலந்தும், அதாவது திறமையும், இல்லை. எந்நேரமும் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுக் கிடக்கிறான்.

அம்மா, கேள்வியிலேயே பதிலை எழுதிவிட்டீர்கள்! யாத்திராகமம் 31இல் தேவன் தம்முடைய ஆவியால் நிரப்பினேன் என்று சொல்லும் பெசலெயேல் பிரசங்கியா, பாடகரா? பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் என்று கையால் வேலை செய்தவர். மைக் பிடிப்பது மட்டும்தான் தாலந்து என்று சபையில் நாமே பழக்கிவிட்டோம், எனக்கு அதில் கோபம் உண்டு. இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் முடித்தவர்களுக்குத் தொழிற்கல்லூரி இருக்கிறது, போய் விசாரியுங்கள். அப்புறம், தம்பியின் பரிசை மூத்தவன் முன்னால் எண்ணாதீர்கள்.

மகனுக்குக் காற்பந்துப் போட்டி எப்போதும் ஞாயிறு காலையில்தான் வைக்கிறார்கள்.

மாலை ஆராதனை இருந்தால் அதற்குப் போகட்டும். இல்லையென்றால் மாதத்தில் எத்தனை ஞாயிறு விளையாடலாம் என்று அவனையும் வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். பயிற்சியாளரிடம் அவனே சொல்லட்டும்.

உங்கள் பிள்ளைகளை எப்படி வளர்த்தீர்கள் டீச்சர்?

மகளுக்கு நல்ல குரல். ஏழு வயதிலிருந்து கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கல்யாணம், துக்க வீடு எதையும் விடாமல் எழுந்து பாடச் சொன்னேன். பாராட்டு எல்லாம் எனக்குத்தான் வந்தது. பதின்மூன்று வயதில், சபை நடுவில், "தொண்டை வலிக்கிறது" என்று உட்கார்ந்தாள். அந்த வலி பல வருடம் தீரவில்லை. இப்போது அவள் பிள்ளையைத் தூங்க வைக்கும்போது பாடுகிறாள். நான் அறைக்குள் போவதில்லை, கதவுக்கு வெளியே நின்று கேட்பேன்.