பழைய டிஸ்கவரிக்குப் புதுக் கம்ப்யூட்டர் வேண்டுமா?

வாசகர்களின் வாகனக் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், ஜார்ஜ்டவுனில் கார் வயரிங் பட்டறை நடத்துபவர்.

கேள்வி: அண்ணே, என்னிடம் 1995 லேண்ட்ரோவர் டிஸ்கவரி இருக்கிறது. 3.9 வி8 பெட்ரோல், ஆட்டோ கியர். பாலேக் பூலாவ் டுரியான் தோட்டத்துக்கும், சில சமயம் கெடா, சீக் பக்கம் காட்டுப் பாதைக்கும் எடுத்துப் போவேன். கொஞ்ச நாளாகப் பெட்ரோல் தண்ணீராய்ச் செலவாகிறது. கறுப்புப் புகை வருகிறது, பிளக்கெல்லாம் கரி. பிறை டோலுக்கு முன்னால் காலை எடுத்துவிட்டு உருண்டு வந்தால் பட்டென்று எஞ்சின் அணைந்துவிடுகிறது. எஞ்சின் கம்ப்யூட்டர் போய்விட்டது, மெகாஸ்குவர்ட் (நாமே டியூன் செய்துகொள்ளும் வெளிச்சந்தை எஞ்சின் கம்ப்யூட்டர்) போட்டால் பவரும் கூடும் என்கிறார் ஒரு போர்மேன். போடலாமா?
— வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: போடலாம் தம்பி. ஆனால் இப்போது வேண்டாம். நீங்கள் சொன்ன இரண்டு கோளாறும் கம்ப்யூட்டருக்கு வெளியே இருந்து வரக்கூடியவை. அதைப் பார்க்காமல் பெட்டியை மாற்றினால், காசையும் கொடுத்துவிட்டு அதே புகையோடுதான் வீட்டுக்குப் போவீர்கள்.

முதலில் புகை. எஞ்சினுக்குள் காற்று போகும் இன்லெட் மேனிஃபோல்டின் முன்பக்கம் தண்ணீர்ச் சூட்டை அளக்க இரண்டு சென்சார் இருக்கும். ஒரே ஒரு வயர் போவது மீட்டர் முள்ளுக்கு. இரண்டு வயர் போவதுதான் கம்ப்யூட்டருக்கு. முள் சரியாக நடுவில் நிற்கும், அதே நேரம் கம்ப்யூட்டர் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கும். முள்ளை நம்பிப் பல பேர் ஏமாறுவது இங்கேதான். அந்த இரண்டு வயர் சாக்கெட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள். பச்சைப் பாசி மாதிரி துரு பிடித்திருக்கிறதா, வயரின் மேலுறை சூட்டில் காய்ந்து ஒடிகிறதா என்று கவனியுங்கள். அப்புறம் மல்டிமீட்டரை வையுங்கள். காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, நம் ஊர்ச் சூட்டுக்கு 1,500 முதல் 2,000 ஓம் வரை காட்ட வேண்டும். 80 டிகிரிக்கு வந்ததும் 300 ஓம் அக்கம்பக்கம் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ஆள் அகப்பட்டுவிட்டான். கையோடு ஃபியூல் பிரஷரையும் பார்த்துவிடுங்கள். 34 முதல் 38 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். ரெகுலேட்டர் கெட்டு அதற்கு மேல் ஏறினாலும் இதே கரிதான்.

டோலில் அணைவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது வேக சென்சாரை. வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்பதை அது சொன்னால்தான் கம்ப்யூட்டர் ஐடிலை, அதாவது காலை எடுத்த பிறகு எஞ்சின் சுற்றும் வேகத்தை, சரியாகப் பிடிக்கும். வண்டிக்கு அடியில், சேறு அடிக்கும் இடத்தில் இருக்கிறது. நீங்கள் சீக் போய் வருகிறீர்கள், அதன் சாக்கெட் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஐடிலுக்கு வேண்டிய காற்றைத் திறந்து மூடும் ஸ்டெப்பர் மோட்டாரையும் கழற்றிக் கரியைத் துடையுங்கள்.

இதெல்லாம் சரியான பிறகும் மாற்ற ஆசையா? அதற்கு நான் முழு மனதோடு ஆதரவு. உங்கள் வண்டியில் இருப்பது லூக்காஸ் 14சியூஎக்ஸ் என்ற கம்ப்யூட்டர். அது பெட்ரோலை மட்டும்தான் பார்க்கும். ஸ்பார்க் டைமிங் முழுக்க, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கையில். உள்ளே வரும் காற்றை அளப்பது ஹாட் வயர் ஏர்ஃப்ளோ மீட்டர். நல்ல நிலையில் ஒன்று தேடிப் பிடிப்பது வரவரக் கஷ்டமாகிறது. மெகாஸ்குவர்ட், மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரையும் காற்றுச் சூட்டு சென்சாரையும் வைத்தே கணக்குப் போடும் என்பதால் அந்த மீட்டரே தேவையில்லை. பழைய இன்ஜெக்டர்களும் அப்படியே பொருந்தும். உங்கள் கியர்பாக்ஸ் இசட்எஃப் 4ஹெச்பி22, வெறும் ஹைட்ராலிக். கம்ப்யூட்டரை மாற்றுவது அதற்குத் தெரியவே தெரியாது.

பவர் கூடும் என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். அதே கேம், அதே கம்ப்ரஷன், பிறகு எங்கிருந்து வரும்? உண்மையான லாபம் வேறு. லேப்டாப்பைச் செருகினால் ஒவ்வொரு சென்சாரும் என்ன சொல்கிறது என்று ஓடும்போதே கண்ணால் பார்க்கலாம். காட்டுக்குள் போகிற வண்டிக்கு அதைவிடப் பெரிய வரம் கிடையாது.

வேலையை இரண்டு கட்டமாகச் செய்யச் சொல்லுங்கள். முதலில் பெட்ரோல் மட்டும், டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தபடி இருக்கட்டும். பெட்ரோல் கூடுதலா குறைவா என்று காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் ஒன்று எக்ஸாஸ்ட்டில் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் டியூன் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதுதான். எல்லாம் நிலைத்த பிறகு, கிராங்க் புல்லியில் 36-1 பல்சக்கரம் (36 பல்லில் ஒன்று இல்லாதது) வைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாமலே ஸ்பார்க் தரும் ஃபோர்டு எடிஸ் காயில்களுக்குப் போகலாம். அதுவரை, ஸ்பார்க்குக்கான இக்னிஷன் ஆம்ப்ளிஃபையர் உங்கள் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டில் திருகியிருந்தால், அதைக் கழற்றி, எஞ்சின் சூடு படாத இடத்துக்கு வயர் இழுத்து மாற்றுங்கள். பிரிட்டிஷ் குளிருக்குச் செய்த இடம் அது. நம் வெயிலில், ஜாமில் நிற்கும்போது வெந்துவிடும்.

புதுக் கம்ப்யூட்டர் பெட்டியைக் கேபினுக்குள், ஆறு தாண்டும்போது தண்ணீர் எட்டாத உயரத்தில், சாக்கெட் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். யாராவது பழைய வயரிங்கை வெட்ட கட்டரை எடுத்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 14சியூஎக்ஸின் 40 பின் சாக்கெட்டிலேயே செருகுகிற மாதிரி அடாப்டர் கட்டச் சொல்லுங்கள். பழைய பெட்டியையும் ஏர்ஃப்ளோ மீட்டரையும் துணியில் சுற்றிப் பின்னால் போட்டு வையுங்கள். நடுக்காட்டில் புதுசு படுத்தால், பழசை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.

கேள்வி: 90-களின் பஜேரோ, 3.0 வி6. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் மீன் நாற்றம். தூக்கிப் போட வேண்டியதுதானா?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஐயோ, போட்டுவிடாதீர்கள். அக்காலத்து மிட்சுபிஷி பெட்டிகளில் கெப்பாசிட்டர் கசிவது பரவலான நோய். அந்த நாற்றம் கசிந்த திரவத்துடையது. அது போர்டின் செப்புக் கோடுகளைத் தின்றுவிடும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். அதே அளவில், 105 டிகிரி ரகக் கெப்பாசிட்டர் மாற்றி, போர்டை ஆல்கஹால் போட்டுக் கழுவினால் பெரும்பாலும் பிழைத்துவிடும். டிவி, ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கிற நல்ல கைக்காரர் போதும்.

கேள்வி: பழைய ஹைலக்ஸ், 2.8 லிட்டர் டீசல், 3எல் என்ற மாடல் எஞ்சின். பவர் கூட என்ன சிப் போடலாம்?
— வாசகர், நிபோங் திபால்

பதில்: அதில் எஞ்சினை நடத்தக் கம்ப்யூட்டரே கிடையாது. பம்ப் முழுக்க மெக்கானிக்கல். சிப் விற்க வருபவரை வாசலோடு அனுப்பிவிட்டு, அந்தக் காசில் டீசலைப் பீய்ச்சும் நாசிலைச் சோதித்து, பம்ப் டைமிங்கைச் சரிபாருங்கள்.