ஜெர்பில் உடம்பில் கட்டி: கேள்வி பதில்

கேள்வி: சார், ஆண் ஜெர்பில் (வீட்டில் வளர்க்கும் சின்னப் பாலைவன எலி), இரண்டரை வயது. வயிற்றின் நடுவே முடியில்லாமல் மஞ்சளாக ஒரு மேடு. புற்றுநோயா?

பதில்: முடியில்லாத நீள்வட்ட மேடு என்றால் அது வாசனைச் சுரப்பிதான். எல்லா ஜெர்பிலுக்கும் உண்டு, ஆணுக்குப் பெரிது. அதைத் தரையில் தேய்த்துத்தான் தன் எல்லையைக் குறித்து வைக்கும். ஆனால் வயதானபின் புற்றுக்கட்டி அடிக்கடி கிளம்புவதும் அதே இடத்தில். வெளிச்சத்தில் மல்லாத்திப் பாருங்கள். விளிம்பு ஒரே சீராக, மேல்தோல் காய்ந்து இருந்தால் கவலை வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் தடிப்பு, புண், ரத்தக்கசிவு, ஓயாத நக்கல், இதில் எது இருந்தாலும் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டி பயறளவில் இருக்கும்போதே மருத்துவர் வெட்டி எடுத்தால் பெரும்பாலும் அதோடு தீரும். திராட்சையளவு ஆகட்டும் என்று காத்திருந்தால் தையல் போடத் தோல் போதாது.

கேள்வி: ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி பட்டினி போடணுமா?

பதில்: கூடாது. ஜெர்பிலால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினி கிடந்தால் ரத்தச் சர்க்கரைதான் இறங்கும். வீட்டுக்கு வந்ததும் கூண்டில் விரித்த மரத்தூளை எடுத்துவிட்டு டிஷ்யூ பேப்பரைக் கிழித்துப் போடுங்கள். தையல் ஆறும்வரை மணல் குளியல் வேண்டாம். ஒரே கூண்டில் வளரும் கூட்டாளி ஜெர்பிலையும் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். சில நாள் பிரிந்தாலே வாசனை மாறி, திரும்பியதும் கடித்துக் குதறிக்கொள்ளும்.

கேள்வி: கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருக்கு. தீனி அடக்கி வைச்சிருக்கா?

பதில்: தீனி அடக்கும் கன்னப்பை ஹாம்ஸ்டர் என்ற இன்னொரு வளர்ப்புப் பிராணிக்குத்தான், ஜெர்பிலுக்குக் கிடையாது. கடிபட்ட சீழ்க்கட்டியாகவோ பல்வேர்ச் சீழாகவோ இருக்கலாம். பிதுக்காதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கரைத்துக் கொடுக்கவே கூடாது: ஸ்ட்ரெப்டோமைசின் ஜெர்பிலைக் கொன்றுவிடும், வாய்வழி பென்சிலின் குடலைக் கெடுக்கும்.

கேள்வி: தனியா வளர்ற பெண், இரண்டு வயசு. வயிறு பேரிக்காய் மாதிரி உப்பியிருக்கு. கர்ப்பமா?

பதில்: கர்ப்பம் 24 முதல் 26 நாள்தான். ஆண் துணையின்றி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் அந்தப் பேச்சே இல்லை. இந்த வயதில் முதல் சந்தேகம் சூலகக் கட்டி. சமையலறைத் தராசில் வாராவாரம் நிறுத்துப் பாருங்கள். எடை ஏறியும் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டால் உள்ளே நீர்க்கட்டியோ புற்றுக்கட்டியோ வளர்கிறது. மூச்சுக்கு விலா குலுங்கினால் அன்றைக்கே காட்டுங்கள்.

கேள்வி: மூன்று மாத ஆண், வாலடியில் இரண்டு வீக்கம்!

பதில்: விதைப்பை. இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.