நகையை அடகு வைக்கும் முன்

கேள்வி: நான் ஆப் டிசைனர். தையல் கடைகளுக்கான ஆப் ஒன்றை ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் 40 திரைகளாக வரைந்து முடித்துவிட்டேன். பார்த்த தோழிகள் எல்லோரும் சூப்பர் என்கிறார்கள். டெவலப்பர் மூன்று லட்சம் கேட்கிறார். நகையை அடகு வைத்துக் கொடுக்கலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

தோழிகள் அப்படித்தான் சொல்வார்கள். தையல்காரர் யாரிடமாவது காட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அளவு குறிக்க மட்டும் எத்தனை திரை வைத்திருக்கிறீர்களோ தெரியாது. கடையில் பலர் பழைய அளவு ஜாக்கெட்டை நீட்டி, “இதே மாதிரி, கை மட்டும் ஒரு இஞ்ச் நீளமா” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கடைக்காரரும் துணியோரத்தில் ஒரு துண்டு வெட்டி, பில்லோடு பின் அடித்து வைத்துக்கொள்கிறார். அவருக்குத் தலைவலி அளவு அல்ல, முகூர்த்த சீசனில் “ரெடியாயிடுச்சா?” என்று விடாமல் அடிக்கும் போன் என்பது என் ஊகம். சரியா தப்பா என்பது, இரண்டு சனிக்கிழமை கடை ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தால் தெரிந்துவிடும்.

ஊகம் சரி என்றால், ஆப் இல்லாமலேயே ஓட்டிப் பாருங்கள். தெரிந்த இரண்டு கடை போதும். ஆர்டர்களைக் குறித்துவைக்க ஒரு கூகுள் ஷீட். துணி தயாரானதும் கடை போனிலிருந்து நீங்களே வாட்ஸ்அப் தட்டிவிடுங்கள். மாதம் முடிந்ததும் 300 ரூபாய் கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், கேளுங்கள். “இருக்கட்டும்மா, அப்புறம் பார்க்கலாம்” என்றால் உங்களுக்கு மூன்று லட்சம் மிச்சம்.

வீட்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பியைத் தொடங்கிய பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும் டிசைன் படித்தவர்கள்தான். 2007-ல் சான் பிரான்சிஸ்கோவில் டிசைன் மாநாடு நடந்தபோது ஓட்டல் அறைகள் நிரம்பிவிட்டன. வீட்டு வாடகைக்கே திண்டாடிய இருவரும் வீட்டில் காற்று மெத்தைகளைப் போட்டு, எளிய வலைப்பக்கம் ஒன்றில் அறிவித்தார்கள். மூன்று பேர் காசு கொடுத்துத் தங்கினார்கள். பின்னால் நியூயார்க்கில் முன்பதிவு மந்தமாக இருந்தபோதும் வலைதளத்தை அழகுபடுத்திக்கொண்டு உட்காரவில்லை. கேமராவோடு நேரில் போய், வீடு வீடாகத் தாங்களே படம் எடுத்தார்கள். டிசைனரின் கண் அங்கேதான் உதவியது.

வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். டெவலப்பரை இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். இரண்டு கடையும் காசு கொடுத்தாலும் 40 திரை வேண்டாம். ‘துணி ரெடி’ மெசேஜ் அனுப்பும் ஒரு திரைக்கு மட்டும் எவ்வளவு ஆகும் என்று கேட்டு வாங்குங்கள்.