முதலில் அந்தக் கவர் முடிச்சை அவிழுங்கள்

கேள்வி: ஞாயிறுதோறும் கோயம்பேடு போய் ஒரு வாரத்துக்கான பழங்களை மொத்தமாக வாங்கிவந்து, கவரோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். புதன்கிழமைக்குள் வாழைப்பழம் கறுத்து, திராட்சை பூஞ்சை பிடித்து, பாதி குப்பைக்குப் போகிறது. கண்ணால் பார்க்கவே மனசு வலிக்கிறது. என்ன செய்வது?
- வாசகி, பெரம்பூர்

பதில்: வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், கவர் முடிச்சை அவிழ்த்துவிடுங்கள் தோழி. பறித்த பிறகும் பழம் மூச்சு விடும். அந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கினால் பூஞ்சைக்கு அது போதும்.

வாழைப்பழத்துக்கு ஃப்ரிட்ஜ் ஆகாது. சுமார் 13 டிகிரிக்குக் கீழே குளிர் போனாலே தோல் கறுக்கும், காயாக உள்ளே போனது சரியாகப் பழுக்கவும் செய்யாது. (தோல் மட்டும் கறுத்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள், உரித்துப் பாருங்கள், உள்ளே நன்றாகவே இருக்கும்.) பெட்டிக்கடையில் தொங்கவிடுவார்களே, அதுபோல சீப்பைக் கயிற்றில் கட்டிக் காற்றாட விடுங்கள். ரஸ்தாளி மட்டும் பழுத்தால் காம்பை விட்டு உதிரும், அதைத் தட்டில் வையுங்கள்.

வாழை, மா, பப்பாளி, சப்போட்டா, ஆப்பிள் எல்லாம் பறித்த பிறகும் பழுக்கிறவை. பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும், அது பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துப் பழுக்க வைக்கும். பாட்டி மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தது அந்த வாயு வெளியே போகாமல் இருக்கத்தான். அதனால் சீக்கிரம் பழுக்க வேண்டியதைச் சேர்த்து வையுங்கள், மற்றதைத் தள்ளி வையுங்கள். மாம்பழமும் சப்போட்டாவும் வெளியே பழுத்த பிறகு ஃப்ரிட்ஜுக்குப் போகலாம், இரண்டு மூன்று நாள் கூடத் தாங்கும்.

திராட்சை, சாத்துக்குடி, மாதுளை பறித்த பிறகு இனிப்பு ஏறாதவை. வாங்கும்போதே நன்றாக இருப்பதைப் பார்த்து வாங்கி நேராக ஃப்ரிட்ஜில் வையுங்கள். திராட்சையைக் கழுவி வைப்பதுதான் பலரும் செய்கிற தப்பு. வெடித்ததைப் பொறுக்கி எடுத்துவிட்டு, டப்பாவில் பழைய வேட்டித் துணி விரித்து வையுங்கள், சாப்பிடும்போது வேண்டிய அளவு மட்டும் கழுவினால் போதும். நியூஸ்பேப்பர் வேண்டாம், மை ஒட்டும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். கோயம்பேட்டில் விலை குறைவுதான், ஆனால் மூன்று கிலோ வாங்கி ஒன்றரை கிலோவைக் கொட்டுவதற்கு, தெருமுனைத் தள்ளுவண்டியில் வாரம் இரண்டு தடவை கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதே லாபம். வாழையில் பாதி பழமாகவும் பாதி செங்காயாகவும் கேளுங்கள், கொடுப்பார்கள்.

அப்படியும் கனிந்துபோனால் உரித்து, வில்லை போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், மில்க்‌ஷேக்குக்கு ஆகும். இல்லையென்றால் கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து அன்று சாயங்காலமே பணியாரம் ஊற்றிவிடுங்கள்.