காட்லா அடிவாரத்தில் இரண்டு இரவு: அறையை ரத்து செய்ய வேண்டுமா?

கேள்வி: ஜூலையில் குடும்பத்தோடு ஐஸ்லாந்து போகிறோம். தென்கரையில் வீக் என்ற ஊரில் இரண்டு இரவு தங்கல். பக்கத்தில் இருக்கும் காட்லா எரிமலை நூறு ஆண்டுகளுக்கு மேல் பெரிதாக வெடிக்கவில்லை, இனி எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும் என்று படித்தேன். அப்பாவுக்கு ஆஸ்துமா வேறு. ரத்து செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம், தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

நீங்கள் படித்தது புரளி அல்ல. 1625, 1660, 1721, 1755, 1823, 1860, 1918 ஆகிய ஆண்டுகளில் காட்லா பனியைப் பிளந்துகொண்டு வெடித்திருக்கிறது. இடைவெளி 34 முதல் 68 ஆண்டு. அந்தக் கணக்கில் அடுத்தது எப்போதோ வந்திருக்க வேண்டும். ஆனால் எரிமலைக்குத் தவணைத் தேதி கிடையாது. தவிர, 1955, 1999, 2011-இல் பனிக்கு அடியிலேயே சிறு வெடிப்புகள் நடந்து அடங்கியிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. ‘கெடு தாண்டிவிட்டது’ என்பதெல்லாம் செய்தித் தலைப்புக்குத்தான் சரி.

அங்கே போய்க் கூம்பு மலையைத் தேடாதீர்கள். கண்ணில் படுவது மிர்தால்ஸ்யோகுல் என்ற பரந்த பனிமேடு மட்டும்தான். அதன் அடியில் சுமார் 10 கிலோமீட்டர் அகலமுள்ள பெரும்பள்ளம், விளிம்பு மூன்று இடத்தில் நெளிந்த அண்டா மாதிரி. அந்த நெளிவுகள் வழியாகப் பனியாறுகள் இறங்குகின்றன. பள்ளத்துக்குள் பனிக்கட்டி சில இடங்களில் 700 மீட்டர் தடிமன். அடியிலிருந்து குழம்பு ஏறினால் முதலில் உருகுவது இந்தப் பனி. அதனால் காட்லாவில் ஆபத்து நெருப்பை விடத் தண்ணீரில்தான் அதிகம்.

1918 அக்டோபர் 12 பிற்பகலில் அதுதான் நடந்தது. மலையில் மேயவிட்ட ஆடுகளைத் திரட்டி ஓட்டிவரும் பருவம். ஆல்ஃப்டவெர் பகுதியில் அந்த வேலையில் இருந்தவர்கள் இரைச்சலைக் கேட்டுக் குதிரையை விரட்டி மயிரிழையில் தப்பினார்கள். பின்னால் வந்தது சேறும் சாம்பலும் வீடளவு பனிக்கட்டிகளும் கலந்த கறுப்பு வெள்ளம். உச்சத்தில் வினாடிக்கு 3 லட்சம் கன மீட்டர் ஓடியிருக்கலாம் என்பது மதிப்பீடு. அடித்துவந்த வண்டல் கடலைத் தூர்த்துக் கரையையே தெற்கே தள்ளிவிட்டது. இத்தனைக்கும் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

கடந்த சில நூற்றாண்டுகளில் பெருவெள்ளம் பெரும்பாலும் கிழக்கே, மிர்தால்ஸ்சாண்டூர் என்ற கருமணல் சமவெளியில்தான் பாய்ந்திருக்கிறது. வீக் அதன் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. ஆகவே ஊரில் தூங்கும் இரவை விட, ஊரைத் தாண்டிக் கிழக்கே கார் ஓட்டும் அந்த அரை மணி நேரத்தில்தான் கவனம் வேண்டும். பெரிய வெடிப்புகூடத் தேவையில்லை: 2011 ஜூலையில் ஒரு சிறு பனியாற்று வெள்ளம் அந்த நெடுஞ்சாலையில் இருந்த மூலாக்விஸ்ல் ஆற்றுப் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. 2024 ஜூலையிலும் அதே நெடுஞ்சாலை வெள்ளத்தில் சேதமாகி மூடப்பட்டது. ஒரு நாள் தாமதமானால் தாங்கும்படி பயணத்தைத் திட்டமிடுங்கள். மறுநாள் காலை விமானம் என்றிருந்தால் முந்தைய இரவே ரெய்க்யாவிக் பக்கம் வந்துவிடுவது நல்லது.

போன் எப்போதும் ஆனில் இருக்கட்டும், ரோமிங்கும் இருக்கட்டும். ஆபத்து என்றால் அந்தப் பகுதியில் உள்ள போன்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவார்கள். வந்தால் மேட்டுக்குப் போய்விடுங்கள். பெட்டி, பாஸ்போர்ட் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். வீக் மக்கள் ஒத்திகை பார்ப்பது குன்றின் மேல் உள்ள தேவாலயத்துக்கு ஏறித்தான். போனவுடன் அதற்கான வழியை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். கிளம்பும் காலையில் சாலைத்துறை, வானிலைத்துறை இணையதளங்களையும் பார்த்துவிடுங்கள். அவசர எண் 112.

அப்பாவுக்கு இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும், நாலைந்து என்95 முகக்கவசமும். காட்லாவின் சாம்பல் கண்ணாடித் துகள் மாதிரி; ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. சாம்பல் விழுந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள். பனியாற்றுத் தண்ணீர் ஓடும் இடத்தில் அழுகிய முட்டை நாற்றம் தூக்கலாக அடித்தால், கரையிலும் பள்ளத்திலும் நிற்காமல் மேலே வந்துவிடுங்கள். அது கந்தக வாயு. பயணக் காப்பீட்டில் எரிமலையால் விமானம் ரத்தாவதற்கு இழப்பீடு உண்டா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.

அப்புறம், ஊருக்குப் பக்கத்தில் ரெய்னிஸ்ஃபியாரா என்ற கருமணல் கடற்கரை. என்னைக் கேட்டால் எரிமலையை விட அங்கேதான் அதிகம் கவலைப்படுவேன். சாதுவாகத் தெரியும் கடலிலிருந்து திடீரென்று ஓர் அலை வெகுதூரம் ஏறி வந்து ஆளை இழுத்துக்கொண்டு போகும். இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பயணிகள் சிலர் அப்படி இறந்திருக்கிறார்கள். எச்சரிக்கை விளக்கைப் பார்த்துவிட்டு இறங்குங்கள், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டோ எடுக்காதீர்கள், குழந்தைகளின் கையை விடாதீர்கள்.