நான்கு முறை போயும் விபத்தைப் பற்றி ஏன் கேட்கவில்லை?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. உசிலம்பட்டியிலிருந்து மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் வண்டி ஓட்டினார். 9 மாதங்களுக்கு முன் விடியற்காலையில் நடந்த விபத்தில், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தம்பி இறந்துவிட்டான். கணவருக்குக் கால் எலும்பு கூடிவிட்டது. ஆனால் இன்றும் 3 மணிக்கு வியர்த்து விறுவிறுத்து எழுகிறார். வண்டிச் சாவியைத் தொடுவதில்லை. பிரேக் சத்தம் கேட்டால் முகம் வெளுத்துவிடுகிறது. பாண்டி கோயிலில் கயிறு கட்டினோம். இப்போது மதுரையில் ஒரு மனநல ஆலோசகரிடம் 4 முறை போய்விட்டோம். அவர் விபத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. தூக்கம், மூச்சு, சாப்பாடு என்றே பேசி அனுப்புகிறார். மனதில் உள்ளதைக் கொட்டினால்தானே பாரம் குறையும்? இது சிகிச்சைதானா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: சிகிச்சைதான், சகோதரி. நீங்கள் எழுதியிருப்பவற்றைப் பார்க்கும்போது, மருத்துவச் சீட்டில் பி.டி.எஸ்.டி. என்று எழுதப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறாக இது இருக்கலாம் என்று தோன்றுகிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது. 1980ஆம் ஆண்டிலிருந்து இந்தப் பெயரில் அறியப்படும் இந்த நோய்க்கு இன்று நல்ல சிகிச்சை முறைகள் இருக்கின்றன. உங்கள் கணவர் கோழையாகிவிடவில்லை என்பதை வீட்டில் எல்லோரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

கொட்டினால் பாரம் குறையும் என்பது சாதாரண துக்கத்துக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் உயிர் போகும் நிலையைக் கண்ணால் கண்டவரின் நினைவு, மற்ற நினைவுகளைப் போல "அன்றைக்கு நடந்தது" என்று பழையதாகி அடங்குவதில்லை. ஒரு பிரேக் சத்தமோ, டயர் கருகும் வாசனையோ போதும். விபத்து இந்த நொடியில் நடப்பதைப் போல நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அந்த நேரத்தில் "நடந்ததைச் சொல்லுங்கள்" என்று வற்புறுத்தினால், அவர் அதைச் சொல்ல மாட்டார், மறுபடியும் அனுபவிப்பார். தொழிலுக்கு வந்த புதிதில் நானே இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். முதல் நாளிலேயே ஒருவரை முழுவதையும் சொல்லவைத்தேன். ஒரு மணி நேரம் அழுது தீர்த்துவிட்டுப் போனவர் அதன் பிறகு வரவே இல்லை. விபத்து நடந்தவுடன் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேசவைத்து அனுப்பும் பழைய வழக்கத்தை இன்றைய மருத்துவம் பரிந்துரைப்பதில்லை.

விபத்தின்போது உங்கள் கணவரின் கையில் எதுவும் இல்லாமல் போயிற்று; ஸ்டியரிங்கும் இல்லை, உங்கள் தம்பியின் உயிரும் இல்லை. அதனால், நடப்பது தன் கைக்குள் இருக்கிறது என்ற உணர்வை அவருக்குத் திரும்பக் கொடுப்பதுதான் ஆலோசகரின் முதல் வேலை. ஆலோசகரின் அறைக்குள் என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். எந்த நாற்காலியில் உட்காரப் பிடிக்கும், கதவு திறந்திருக்கட்டுமா, மின்விசிறிச் சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்று அவர் கேட்டிருக்கக்கூடும். இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி அதன் குளிர்ச்சியை உணரச் சொல்வதும், மூச்சை மெதுவாக நீளமாக வெளியே விடச் சொல்வதும் வெறும் பொழுதுபோக்கல்ல. அதிகாலை 3 மணிக்கு எழும்போது, "இது உசிலம்பட்டியில் என் வீடு, இது இன்றைய நாள்" என்று உடம்புக்கு உணர்த்தும் பயிற்சி அது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் இந்தச் சிகிச்சையை மூன்று கட்டங்களாகப் பிரித்து, முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்தலும் துக்கமும், கடைசியில் மீண்டும் வாழ்க்கையோடு இணைதல் என்று வகுத்தார். நீங்கள் முதல் கட்டத்தில் இருக்கிறீர்கள்.

ஆனால் அங்கேயே நின்றுவிடவும் கூடாது. ஒரே விபத்தால் வந்த பாதிப்பு என்றால், பலருக்குச் சில அமர்வுகளிலேயே நினைவுகளைத் தொடும் வேலையைத் தொடங்கிவிடலாம். எனவே அடுத்த முறை போகும்போது, "எப்போது அதைப் பேசப்போகிறோம், எப்படி?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல ஆலோசகர் இந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார். தன் திட்டத்தை விளக்குவார். பெரும்பாலும் 8 முதல் 15 அமர்வுகள் வரை நீளும் ஒரு முறையில், விபத்தை நிகழ்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, பயம் 0 முதல் 100 வரை எவ்வளவு இருக்கிறது என்று அவ்வப்போது கேட்பார்கள். கண்ணை இடமும் வலமுமாக அசைத்தபடியே நினைவை எதிர்கொள்ளவைக்கும் இ.எம்.டி.ஆர். என்பது இன்னொரு முறை. எதுவானாலும், வேண்டாம் என்று சொல்லி நிறுத்தும் உரிமை அவரிடம் இருக்கும்.

வண்டியும் அப்படித்தான். முதலில் நிறுத்திய வண்டிக்குப் பக்கத்தில் நிற்பார், பிறகு உள்ளே உட்காருவார், பிறகு இன்ஜினை மட்டும் ஓடவிடுவார். தெருமுனை, செக்கானூரணி, நாகமலைப் புதுக்கோட்டை என்று போய் மாட்டுத்தாவணியைத் தொடுவதற்குச் சில மாதங்கள்கூட ஆகலாம். "மறந்துவிட்டு வண்டியை எடு" என்று உறவினர்கள் யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.

அவரை உள்ளுக்குள் அதிகம் அரிப்பது பயமா, குற்ற உணர்வா என்பதையும் ஆலோசகர் பார்ப்பார். "மச்சினனை நான்தானே கூட்டிப்போனேன்" என்ற எண்ணம் இருந்தால், மூச்சுப் பயிற்சியால் மட்டும் அது கரையாது. அன்று அந்த நொடியில் அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

கோயில் கயிறு கையில் இருக்கட்டும், அது சிகிச்சைக்குத் தடையில்லை. தூக்கத்துக்காக மதுவை நாடுவதும், கடையில் கேட்டு அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்குவதும்தான் தடை. தேவைப்பட்டால், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் செர்ட்ராலின் போன்ற மருந்தை மனநல மருத்துவர் எழுதித் தருவார். அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தால், சாக நினைக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அப்படி நினைப்பதாகத் தெரிந்தால் அவரைத் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் இலவச எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. இறந்தவர் உங்கள் தம்பி. 9 மாதங்களாகக் கணவரின் தூக்கத்துக்குக் காவல் இருக்கும் நீங்கள், உங்கள் துக்கத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது, கணவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, உங்களுக்கென்று அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.