அம்மாவுக்குப் போன வாரம் வயிற்றுப்போக்கு. இப்போது இரண்டு காலும் மரத்து, எழுந்து நிற்க முடியவில்லை. ஜி.பி.எஸ். (கில்லன்-பாரே என்ற நரம்பு நோய்) ஆக இருக்குமா? இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா?

பொறுக்காதீர்கள். போன வாரம் வயிற்றுப்போக்கு, இப்போது இரண்டு காலும் தளர்ச்சி என்று எழுதியிருக்கிறீர்கள். ஐ.சி.யு. வசதியும் நரம்பியல் மருத்துவரும் உள்ள மருத்துவமனைக்கு இன்றே கூட்டிப்போங்கள். நான் டாக்டர் இல்லை. 'இணையத்தில் வைத்தியம் சொல்லாதே' என்று சண்டைக்கு வருகிறவர்கள் வரட்டும். இதே நோயில் தங்கையைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவன் நான்.

அவளுக்கும் முதலில் பாதத்தில் ஊசி குத்துவது போல இருந்தது, அப்புறம் மாடிப்படி ஏற முடியவில்லை. முதலில் போன கிளினிக்கில் சத்துக்குறைவு என்று பி12 ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்க்கக்கூட இல்லை. அதற்கு ஒரு நிமிடம் ஆகுமா? அரசு மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர் தட்டினார், கால் துள்ளவே இல்லை. உடனே அட்மிட் செய்தார். முதுகுத் தண்டு நீர்ப் பரிசோதனை நார்மல் என்றே வந்தது. முதல் வாரத்தில் அதில் புரதம் கூடாமல் இருக்கலாம், அதை வைத்து ஜி.பி.எஸ். இல்லை என்று சொல்லிவிட முடியாது என்று அவர்தான் விளக்கினார்.

காலைவிட மூச்சைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள். 20 வரைகூட வராவிட்டால், தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால், குரல் மங்கினால் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை நம்பி உட்காராதீர்கள். மூச்சுத் தசைகள் ஓய்ந்த பிறகுதான் அது இறங்கிக் காட்டும். தங்கைக்கு அது 98 காட்டிய இரவில்தான் வென்டிலேட்டர் வைத்தார்கள்.

வயிற்றுப்போக்கு போன்ற தொற்றுக்குப் பிறகு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்குகிற நோய் இது. ஐ.வி.ஐ.ஜி. என்ற, ரத்த தானத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரத ஊசிமருந்தை உடல் எடையில் கிலோவுக்கு தினமும் 0.4 கிராம் வீதம் 5 நாள் ஏற்றுவார்கள், அல்லது பிளாஸ்மாவை (ரத்தத்தின் நீர்ப் பகுதியை) மாற்றுவார்கள். இரண்டுக்கும் பலன் ஒன்றுதான். பலவீனம் தொடங்கி 2 வாரத்துக்குள் ஆரம்பித்துவிடுவது நல்லது. ஸ்டீராய்டு மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், இந்த நோயில் அது உதவாது. மருந்துச் செலவு லட்சங்களில் போகும், காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள்.

தங்கை இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாள். ஆனால் அவள் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்கு வாசலில் வெறும் படிகள்தான், சரிவுப் பாதை கிடையாது. தூக்கிக்கொண்டு உள்ளே போனால், கையெழுத்து பழைய மாதிரி இல்லை என்று அவள் பணத்தை அவளுக்கே தர மறுக்கிறார்கள். விரலில் பலம் இல்லாதவள் எப்படிப் பழைய மாதிரி போடுவாள்?

சரி, நீங்கள் கிளம்புங்கள். வயிற்றுப்போக்கு எப்போது வந்தது, கால் எப்போது மரத்தது என்பதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள்.